குளக்கரையைக் காப்பவர்களுக்கு என்ன மரியாதை செய்யலாம்? – வாசகர் கேள்வி பதில்

குளக்கரை நடைபாதைகள், குடியிருப்புப் பூங்காக்கள் பற்றிப் போன இதழில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், எந்த மரம் நடலாம், எந்த உரம் போடலாம் என்று கேட்டவர்கள் குறைவு. சம்பளம் இல்லாமல் இந்த இடங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நாம் என்ன செய்வது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை எல்லாப் பக்கமும் அதற்கே.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம். கரைமேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை, ஓரமாகப் பூவரசு, புங்கன், நாவல். பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் போய்க் களை எடுக்கிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சங்க ஆண்டு விழாவில் இவர்களைக் கௌரவிக்க 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். சால்வையும் ஷீல்டும் போதுமா?
— நலச்சங்கச் செயலாளர், கோவை

அவர்களிடம் கேட்டுப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்களும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் கரைக்குப் போங்கள். வேடிக்கை பார்க்க வேண்டாம், ஒரு மணி நேரம் கூட நின்று வேலை செய்யுங்கள். என்ன தேவை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மண்வெட்டிக் காம்பு ஆடிக்கொண்டிருக்கும், அதில் ஒரு ஆப்பு அடித்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருப்பார். அது தொடர்ந்து பட்டால் தோல் தடித்து அரிக்கும், சிலருக்கு மூச்சு இழுக்கும். சீமைக்கருவேல முள் துணிக் கையுறையைத் துளைத்துக்கொண்டு போகும், தடித்த தோல் கையுறைதான் தாங்கும். வெட்டின முள்ளை வைக்க இடம் இருக்காது, கருவிகளை வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி இருக்காது, யாரோ ஒருவர் வாராவாரம் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்துகொண்டிருப்பார். உங்கள் 15,000 ரூபாய் போக வேண்டிய இடம் இதுதான். மிச்சமிருந்தால் ஏப்ரல், மே மாதத்துக்கு லாரித் தண்ணீருக்கு எடுத்து வையுங்கள்.

சால்வையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இந்த வயசுல உனக்கெதுக்கும்மா இந்த வேலை" என்று கேட்கிற மகன், மருமகள் எதிரில் ஒரு அறுபது வயது அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்திப் பாருங்கள், அடுத்த ஞாயிறு அவர் கிளம்பும்போது வீட்டில் ஒரு பேச்சு வராது. அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஷீல்டு வேண்டாம். எல்லார் வீட்டுப் பரண்மேலும் ஏற்கெனவே ஐந்தாறு இருக்கும்.

மேடையில் என்ன பேசப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். "தன்னலமற்ற சேவை", "பசுமைக் காவலர்" என்றெல்லாம் பொதுவாகச் சொன்னால் அது எந்த ஊர் விழாவிலும் யாருக்கும் பொருந்தும், கேட்கிறவருக்கும் எதுவும் ஒட்டாது. அவர் செய்த வேலையைச் சொல்லுங்கள். ஒரு உதாரணம். கன்றை நட்டு, மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கயிறு கட்டி, போட்டோ எடுத்துவிட்டு எல்லாரும் போய்விடுவோம். இரண்டு வருஷத்தில் தண்டு பருக்கும், நைலான் கயிறு அப்படியேதான் இருக்கும். அது பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, கழுத்தை நெரித்த மாதிரி ஆகி, ஒரு நாள் காற்றில் அந்த இடத்திலேயே மரம் முறியும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பையில் ஒரு சின்னக் கத்தியோடு வந்து, ஒவ்வொரு கன்றாகக் கயிற்றை அறுத்துவிட்டுத் தென்னை நாரால் தளர்வாகக் கட்டிவிட்டுப் போகிறவர் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரை அழைத்து, "கிழக்குக் கரையில் இருக்கிற நாவல் வரிசை இன்றைக்கு நிற்கிறது என்றால் இவர் கயிறு அறுத்துவிட்டதால்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் போய்ச் சேரும், கூட்டத்துக்கும் ஒரு விஷயம் தெரிந்த மாதிரி இருக்கும்.

உங்கள் ஊரிலேயே கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குளங்களில் இறங்கி வேலை பார்த்து வருகிறார்கள். வெள்ளலூர் குளக்கரையில் அவர்கள் வளர்த்திருக்கிற அடர்வனத்தையும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் உங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போக வர வேன் வாடகையும் காலைச் சாப்பாடும் சங்கத்தின் செலவு. இதே வேலையைச் செய்கிற இன்னொரு கூட்டத்தோடு ஒரு நாள் பேசக் கிடைப்பதை எந்த ஷீல்டையும்விட அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

விழாவுக்குக் கவுன்சிலரை அழைத்தால் அவர் கட்சிக்காரர்கள் பேனர் கட்டுவார்கள். அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். என்ன செய்ய?
— வாசகர், ஈரோடு

அழையுங்கள். குழாய் இணைப்புக்கும் தெருவிளக்குக்கும் நாளைக்கு அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் பேனரை மரத்தில் கட்டக் கூடாது, ஆணி அடிக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரத்தைக் காப்பாற்றியவர்களைப் பாராட்டும் விழாவுக்கு அதே மரத்தில் நாலு அங்குல ஆணியை இறக்கிய கூத்தை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தன்னார்வலர்கள் நாற்காலியில் உட்காரட்டும், கவுன்சிலர் நின்று கொடுக்கட்டும். போட்டோவில் யார் முகம் தெரியும் என்பது இதிலேயே முடிவாகிவிடும்.

போன வருஷம் ஒருவருக்குச் 'சிறந்த தன்னார்வலர்' பட்டம் கொடுத்தோம். அதிலிருந்து மூன்று பேர் வருவதில்லை. பட்டம் வாங்கியவரும் சங்கடப்பட்டுக்கொண்டு முன்னைப் போல வருவதில்லை. இதை எப்படிச் சரி செய்வது?
— வாசகி, திருச்சி

இது நடக்கும். கூட்டாகச் செய்கிற வேலையில் ஒருவரைத் தூக்கி உயரத்தில் வைத்தால் மற்றவர்கள் தாங்கள் கீழே இருப்பதாகத்தான் உணர்வார்கள். இதில் பொறாமை என்று ஒதுக்க ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுத்தது யார், எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் சொல்ல உங்களால் முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் நன்றாகப் பேசுகிறவருக்கும், வாட்ஸ்ஆப்பில் படம் போடுகிறவருக்கும்தான் இந்தப் பட்டம் போகும். வாயே திறக்காமல் வடிகாலில் அடைத்த பிளாஸ்டிக்கை வாரிக்கொண்டிருப்பவர் படத்தில் இருக்க மாட்டார், ஏனென்றால் அவர் குனிந்திருப்பார்.

பிரிட்டனில் 2002-ல் ராணியின் பெயரில் தொண்டர் அமைப்புகளுக்கு ஒரு விருது தொடங்கினார்கள், இப்போது அது மன்னர் பெயரில் தொடர்கிறது. அதைத் தனி ஆளுக்குக் கொடுப்பதே இல்லை, குழுவுக்கு மட்டும்தான். அந்த நாட்டில் தனிநபருக்குக் கொடுக்கிற எம்.பி.இ. பட்டத்துக்குச் சமமாக அதை வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம். குழுவுக்கு ஒரே பாராட்டு, எல்லார் பெயரும் அகர வரிசையில். வராமல் போன மூன்று பேர் பெயரும் அதில் இருக்கட்டும், அப்புறம் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய் அழைப்பிதழ் கொடுங்கள். போனில் சொன்னால் வர மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பூங்காவில் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளரும் காவலாளியும் இருப்பார்களே, அவர்களை விழாவில் எங்கே உட்கார வைத்தீர்கள்? வாரம் இரண்டு மணி நேரம் வருகிறவருக்கு மாலை, வாரம் ஆறு நாள் வருகிறவருக்கு நாற்காலி தூக்கிப் போடும் வேலை என்றால் பார்க்க நன்றாக இல்லை. அவர்களுக்குக் கைதட்டல் மட்டும் போதாது. சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, கையுறை கொடுக்கிறார்களா, மேற்பார்வையாளர் மரியாதையாகப் பேசுகிறாரா என்று சங்கம் கேட்டு, இல்லையென்றால் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

ஏழு வருஷமாகப் பூங்காவின் ஒரு பக்கத்தில் நாட்டுச் செடிகளாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தோம். போன மாதம் புதிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இயந்திரத்தோடு வந்து அரை நாளில் எல்லாவற்றையும் களை என்று மழித்துவிட்டார்கள். அடுத்த வாரமே சுதந்திர தின விழாவில் எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தோம். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.
— வாசகி, சென்னை

சான்றிதழைக் கிழித்துப் போடாமல் வந்தீர்களே, உங்கள் பொறுமைக்குத்தான் விருது கொடுக்க வேண்டும். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

இயந்திரத்தைத் தூக்கி வந்த தொழிலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை சதுர மீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள், சுத்தம் என்றால் தரை தெரிய வேண்டும். தும்பையும் ஆவாரையும் சங்குப்பூவும் அவருக்கு ஒன்றுதான், அந்த வேலையில் யாரும் அவருக்கு வேறு மாதிரிச் சொன்னதில்லை. கோபம் வர வேண்டியது, அனுப்புகிறதற்கு முன்னால் உங்களில் ஒருவருக்குக்கூட ஒரு போன் செய்யாதவர்கள் மேல். தொடுவதற்கு முன்னால் உங்களைக் கேட்பதுதான் மரியாதை. அது இல்லாமல் கொடுக்கிற சான்றிதழுக்கு என்ன அர்த்தம்?

இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். உங்கள் பகுதியை ஒரு தாளில் வரைந்து, எந்தச் செடி எங்கே என்று தமிழ்ப் பெயரோடு எழுதி, உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிடுங்கள். இடத்தின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள் நடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும், அதனால் பலகையைவிடக் குச்சி நல்லது. முடிந்தால் மாநகராட்சியோடு ஒரு பக்கத்தில் எழுத்து மூலமான ஒப்பந்தம். இந்த இடத்தின் பராமரிப்பு இந்தக் குழுவிடம், வெட்டுவதற்கு முன் குழுவிடம் தகவல் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி இருந்தால் போதும். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வாய்வார்த்தையும் அவர்களோடு மாறுதலாகிப் போய்விடும்.

நிலம் அரசுடையது, கவனிப்பு மக்களுடையது என்கிற ஏற்பாடு நம் ஊரில் நடக்காதது அல்ல. உங்கள் சென்னையிலேயே கோட்டூர்புரம் மரப்பூங்கா இருக்கிறது. அடையாற்றங்கரையில், பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குப்பை மேடாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலம் அது. 2006-லிருந்து 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் நாட்டு மரங்களாக வைத்து வளர்த்து இன்றைக்கு அது காடு. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, எந்த மரத்தைத் தூக்கி நிறுத்தலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்த மாதிரிக் குழுக்களில்தான் இருந்தார்கள். உங்கள் அதிகாரியிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் அங்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினால் இன்னும் நல்லது.

அரசு விருதுக்கு விண்ணப்பிக்கலாமா? எங்கள் கிராமத்தில் ஒரு பெரியவர் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றி, வேலி கட்டி, தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.
— பள்ளி ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

தாராளமாக. தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவித்த 'பசுமை முதன்மையாளர் விருது' இருக்கிறது. ஆண்டுக்கு 100 பேர் அல்லது அமைப்புகளுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்டால் அந்த வருஷத்துக்கான கடைசித் தேதியைச் சொல்வார்கள். பத்ம விருதுக்கும் யார் வேண்டுமானாலும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். கர்நாடகத்தில் ஹுலிகல் – குதூர் சாலையில் கணவரோடு சேர்ந்து ஆலமரங்களாக நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த சாலுமரத திம்மக்காவுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்த மரங்களை அவர்கள் நடத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகியிருந்தது. அதனால் விருதுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்போது வரட்டும் என்று இருந்துவிடுங்கள். கையிலிருக்கும் வேலையைப் பார்ப்போம்.

உங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராம சபை. இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரிக்கரைக்காரரைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். அதோடு நிறுத்தாமல், பனங்கன்றுகள் இருக்கிற அந்தக் கரையில் ஊராட்சியின் ஜேசிபி அவருக்குத் தெரியாமல் இறங்கக் கூடாது என்றும் சேர்த்துப் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது பதிவு. பனை வளர்ந்து பாளை விட பதினைந்து வருஷம் ஆகும், அதற்குள் எத்தனை தலைவர் மாறுவாரோ.

விருதுக்கு எழுதுவதாக இருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை விட்டு, எத்தனை விதை ஊன்றினார் என்பதைவிட எத்தனை முளைத்து நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நின்று ஆறு மாதத்துக்கு ஒரு படம் எடுங்கள். லட்சம் விதை நட்டோம் என்று எழுதுகிற விண்ணப்பங்கள் நிறைய வரும், 340 கன்று உயிரோடு இருக்கிறது என்று எழுதுகிற விண்ணப்பம் அபூர்வம், அதைத்தான் படிக்கிறவர் நம்புவார்.

உங்கள் மாவட்டத்துக்காரர்தான் மரம் வளர்த்த விவசாயி சேந்தன்குடி தங்கசாமி. 'மரம்' தங்கசாமி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். விருது தேடி வருகிறதோ இல்லையோ, ஊர் கொடுத்த அந்த அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், சான்றிதழ் கேட்கிறார்கள். சான்றிதழுக்காக வருகிறவர்கள் வேண்டாம் என்கிறார் எங்கள் குழுப் பெரியவர். யார் சொல்வது சரி?
— வாசகர், மதுரை

கொடுத்துவிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும், பாவம், அவர்களுக்கும் நெருக்கடி. சான்றிதழுக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர் தங்கிவிட்டால் லாபம்தான். வெறும் "கலந்துகொண்டார்" என்று எழுதாமல் "கரையில் 60 மீட்டர் நீளத்துக்குச் சீமைக்கருவேலம் அகற்றினார்" என்று செய்ததை எழுதிக் கொடுங்கள். உங்கள் பெரியவரையே அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடுவார்.

என் மகள் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறாள். அங்கே ஒரு மலைப்பாதையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இதையெல்லாம் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள் என்றாள். நம்பவே முடியவில்லை. உண்மையா? அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?
— வாசகர், கும்பகோணம்

வர்ஜீனியா என்றால் நீங்கள் நடந்தது அப்பலாச்சியன் பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் மிக நீளமான பகுதி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். 1921-ல் பென்டன் மெக்கே என்பவர் யோசனை சொன்னார், 1937-ல் பாதை முழுமையானது. அன்றிலிருந்து இன்றுவரை அதைச் செப்பனிடுவதில் பெரும்பங்கு வழிநெடுக இருக்கிற முப்பது சொச்சம் நடைச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான். மகள் சொன்னது உண்மை.

மரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருந்ததைப் பார்த்தீர்களா? இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். வழி இதுதான் என்பதற்கு அடையாளம். அது மங்க மங்க யாரோ ஒருவர் டப்பாவும் பிரஷுமாக வந்து அடித்துவிட்டுப் போகிறார். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டையோ கல் வரிசையோ பதித்திருப்பார்கள், அதில் கால் இடறித் திட்டியும் இருப்பீர்கள். மழைத் தண்ணீர் பாதை வழியாகவே ஓடாமல் ஓரத்துக்குத் திருப்பிவிடுகிற ஏற்பாடு அது. அதன் பின்னால் இலையும் மண்ணும் சேர்ந்துகொண்டே இருக்கும். யாராவது வாரி எடுக்காவிட்டால் சில மழைக்காலங்களில் பாதையே ஓடையாகிவிடும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியில் மரங்களை அள்ளிப் போட்டபோது ரம்பத்தோடு போய் வழியை மீட்டதிலும் இவர்கள் இருந்தார்கள்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். நீண்டகாலம் உழைத்தவர்களுக்கு விருந்து, பாராட்டு எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இந்தத் துண்டு உன்னுடையது என்று ஒருவரிடமோ ஒரு குடும்பத்திடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள பிப்புல்முன் பாதையிலும் இதே வழக்கம்தான். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தோன்றவில்லை. நம் குளக்கரைகளில் எல்லாரும் எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறோம், கடைசியில் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற நூறு மீட்டர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

அந்தக் காலத்தில் ஏரி, தோட்டம் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஊர் என்ன மரியாதை செய்தது?
— வாசகர், காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் எவ்வளவு தூரம்? நேரில் போய்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921-ஆம் ஆண்டுகள். குடவோலை முறையில் 30 குடும்புக்கு (இன்றைய வார்டு மாதிரி) ஆள் எடுத்து, அதிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இதில் கவனிக்க வேண்டியது, மேலான சம்வத்சர வாரியத்துக்கு யாரை எடுப்பது என்கிற விதி. முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களுக்கு அதில் இடம். அதாவது ஏரியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் ஊர் நிர்வாகத்துக்குத் தகுதி. இன்றைக்கு எந்த நகராட்சியில் ஒரு குளத்தைப் பத்து வருஷம் காத்தவரைக் கூப்பிட்டுக் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்கள்? ஆனால் ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர் எழுதிய ஓலை மட்டும்தான் அந்தக் குடத்துக்குள் போனது. மண் சுமந்தவர்கள் பெயர் எந்த வாரியத்திலும் இல்லை.

அப்புறம், ஏராளமான தானக் கல்வெட்டுகளின் கடைசி வரியைப் பாருங்கள். இந்தத் தர்மத்தைக் காத்தவருடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று, தானம் கொடுத்தவரே எழுதி வைக்கிறார். ஏரி வெட்டினவன், கோயில் விளக்கு நெய்க்காக ஆடு விட்டவன், அரசனேகூட, தனக்குப் பின்னால் அதைப் பராமரிக்கப் போகிற, முகம் தெரியாத ஒருவரின் காலில் விழுகிறான். திறப்பு விழாக் கல்வெட்டில் தன் பெயரை ஓரடி உயர எழுத்தில் போட்டுக்கொள்கிற நம்மவர்கள் ஒரு நடை போய்ப் படித்துவிட்டு வரலாம்.

எட்டு வருஷமாக எங்கள் தெருக்கோடிப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறேன். முட்டி வலி. இதுவரை ஒருவர் நன்றி சொன்னதில்லை, குறை மட்டும் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகி, தஞ்சாவூர்

விட்டுவிடுங்கள் அம்மா. நிஜமாகத்தான் சொல்கிறேன், உங்களை உசுப்பேற்றி இன்னும் எட்டு வருஷம் வேலை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். "அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நான் வர மாட்டேன், சாவி யாரிடம் கொடுக்கட்டும்" என்று தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி போடுங்கள். இரண்டு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் பாருங்கள். நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்பதே பலருக்குத் தெரியாது. பூங்கா தானாகவே அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் எந்த நாள் எந்தச் செடிக்கு, மோட்டார் சுவிட்ச் எங்கே, கரையான் எந்த மரத்தில், ஊஞ்சல் சங்கிலிக்கு யார் எண்ணெய் போடுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டு ஐந்து பேராவது வாயடைத்துப் போவார்கள்.

யாராவது வந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுங்கள், நீங்கள் குனிய வேண்டாம். யாருமே வரவில்லை என்றால் அது அந்தத் தெருவின் பிரச்சினை, உங்கள் முட்டியின் பிரச்சினை இல்லை.

எங்கள் நடைபாதையைத் தொடங்கி வைத்து உழைத்தவர் போன வருஷம் காலமாகிவிட்டார். பாதைக்கு அவர் பெயர் வைக்கலாமா?
— நடைப்பயிற்சி நண்பர்கள், சேலம்

பொது இடத்துக்குப் பெயர் வைப்பதற்கு உள்ளாட்சி அமைப்பின் தீர்மானம் வேண்டும், அதற்கு முன்னால் சாதி, கட்சி என்று நாலு பேர் நாலு பெயரோடு கிளம்புவார்கள். அவர் பெயர் அந்தச் சண்டையில் மாட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. அவர் வழக்கமாக நின்று மூச்சு வாங்குகிற இடம் ஒன்று இருந்திருக்குமே, அங்கே ஒரு கல் பெஞ்சு போடுங்கள். பெயரும் அவர் செய்த வேலையும் இரண்டு வரியில் போதும். 'உபயம்' என்று நன்கொடையாளர் பட்டியலை அதில் ஏற்றிவிடாதீர்கள். உபயதாரர் பெயரே மறைத்துக் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் வராத கதை ஆகிவிடும். அவர் குடும்பத்தாரிடம் இடத்தையும் வாசகத்தையும் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பெஞ்சுக்கு முதுகு சாய்கிற பலகை இருக்கட்டும், வயதானவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைப்பிடியும் வேண்டும்.